அறிந்த கை

படத்தை மூடியிருந்த துணியை விலக்குவதற்கு முன்னால் மூன்று பேர் பேசுவதாக ஏற்பாடு. நான்காவது உமாபதி, பேசி முடித்ததும் துணியை விலக்க வேண்டியதும் அவர்தான். கொரட்டூரில், மாசிலாமணியின் வீட்டு மொட்டைமாடியில், நீலமும் மஞ்சளும் பட்டை பட்டையாக ஓடிய சாமியானாவுக்குக் கீழே, முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் அவர் உட்கார்ந்திருந்தார். காலை பத்தரை. மடியில் நான்காக மடித்த ஒரு தாள். மாடிப்படி ஏறி வந்ததும் வராததுமாக மாசிலாமணியின் மகள் பூங்கோதை அதை அவர் கையில் கொடுத்திருந்தாள். "அப்பாவப் பத்தி நீங்க எழுதின கட்டுரை ஐயா. நீங்க தனியா எதுவும் தயார் பண்ண வேணாம். இதையே வாசிச்சிடுங்க, போதும்" என்றாள். எந்தக் கட்டுரை என்று அவர் கேட்கவில்லை. மாசிலாமணியைப் பற்றி அவர் எழுதியது வாழ்நாளில் ஒன்றே ஒன்றுதான். முப்பத்தேழு வருஷத்துக்கு முன்னால், முந்நூறு பிரதி அச்சடித்துக்கொண்டிருந்த ஒரு சிறுபத்திரிகையில் வந்தது. தலைப்பு 'அறிந்த கை'. பெயர் சொல்லி எழுதவில்லை. பெயர் சொல்ல வேண்டியிருக்கவுமில்லை. படித்த முந்நூறு பேருக்கும் அது யாருடைய கை என்று தெரியும். தாளை வாங்கிக்கொண்டு தலையை ஆட்டிவிட்டு வந்து உட்கார்ந்தவர் அதை இன்னும் பிரிக்கவில்லை. பிரிக்காமலே ஒவ்வொரு வரியும் தெரியும். தெரிந்ததுதான் தொல்லை.

இருபது தடவையாவது படிச்சிருப்பேன் ஐயா என்று அவள் படியிலேயே சொன்னாளே, அதை எப்படி எடுத்துக்கொள்வது. இருபது தடவை படித்தவள் கடைசிப் பத்தியையும் இருபது தடவை படித்திருப்பாள். முன்பகுதி பரவாயில்லை, அது வஞ்சப்புகழ்ச்சி, உயர்த்துவதுபோல் உயர்த்திக் கேலி செய்தது, கேலி புரியாதவர்கள் அதைப் பாராட்டு என்றே நினைத்துக்கொள்ளலாம். ஆனால் கடைசிப் பத்தியில் அவர் முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு நேராக அடித்திருந்தார், அது புரியாமல் போக வழியில்லை. அப்படியானால் புரிந்துதான் கூப்பிட்டிருக்கிறாளா. பதினாறாம் நாள், அப்பாவின் சொந்தக்காரர்கள், அலுவலகத்துக்காரர்கள், தெருக்காரர்கள் அறுபது எழுபது பேர் கூடியிருக்கும் இடத்தில், எழுதியவன் வாயாலேயே வாசிக்க வைத்துப் பார்க்க வேண்டும் என்று. அவர் கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தார். பூங்கோதை தண்ணீர் பாட்டில்களை வரிசைக்கு இரண்டாக வைத்துக்கொண்டு வந்தாள். முப்பத்தெட்டு வயதிருக்கும். அஞ்சலகத்தில் வேலை என்று போனில் சொன்னாள். நெற்றி அப்படியே மாசிலாமணி, அந்த அகலம், அந்தப் பளபளப்பு. பழிவாங்க வந்தவளின் நெற்றியாக அது தெரியவில்லை. ஆனால் நெற்றியை வைத்து என்ன சொல்ல முடியும், முகத்தில் எதையும் படிக்காதே, முகம் ஒரு பொய்ச் சாட்சி என்று எழுதியவரே அவர்தான். மூத்திரம் முட்டுவதுபோல இருந்தது. வரும்போதுதான் போய்விட்டு வந்தார். இந்த வயதில் பயம் வந்தாலும் அப்படித்தான் இருக்கிறது, மூத்திரம் வந்தாலும் அப்படித்தான் இருக்கிறது, எது எதுவென்று பிரித்தறிய முடிவதில்லை. எழுந்து போனால் ஓடிவிட்டதாக நினைப்பார்களோ. உட்கார்ந்தே இருந்தார்.

மைக்கில் பரந்தாமன் என்பவர் பேசிக்கொண்டிருந்தார். பாடநூல் அச்சிடும் அலுவலகத்தில் மாசிலாமணியோடு இருபத்தெட்டு வருஷம் ஒரே அறையில் இருந்தவராம். அந்த இருபத்தெட்டு வருஷத்தில் மாசிலாமணி மேசையில் ஒரு சொட்டு மை சிந்திப் பார்த்ததில்லை என்றார். இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் நாற்பது வயதுக்குக் கீழே யாரிருந்தாலும் அவர்கள் முதன்முதலில் பார்த்த இதயம் எங்கள் மாசிலாமணி வரைந்த இதயம்தான், சிவப்பு அம்புக்குறி உள்ளே போகும், நீல அம்புக்குறி வெளியே வரும் என்றார். உடனே தன்னைத் திருத்திக்கொண்டு, நீலம் உள்ளே, சிவப்பு வெளியே என்றார். கூட்டத்தில் லேசாகச் சிரிப்பு. பின்வரிசையில் ஒரு பெண்மணி பக்கத்திலிருப்பவளிடம், ஏழாவதில் அந்தத் தவளைப் படத்தைப் பார்த்து வரைந்ததற்குத்தான் தனக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பத்துக்குப் பத்து போட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உமாபதிக்கு எண்ணிப்பார்க்கத் தோன்றியது, வேண்டாமென்று நினைத்தும் எண்ணினார். தன்னுடைய ஓவியங்களை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள். டெல்லியில் ஒரு கட்டடத்தின் கிடங்கில் மூன்று, போபாலில் ஒன்று, யாரோ ஒரு மருத்துவரின் வரவேற்பறையில் இரண்டு. மருத்துவரிடம் வருகிறவன் வலியைப் பார்ப்பானா படத்தைப் பார்ப்பானா. எண்ணிக்கையால் கலையை அளக்கிறவன் மளிகைக்கடைக்காரன் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். எழுதிய கை இப்போது தாளின் மேல் வியர்த்துக் கிடக்கிறது. அந்தத் தவளை. தவளையையும் அவர் பார்த்திருக்கிறார். ஆனால் அவருக்குள் இறங்கியது தவளை இல்லை, செம்பருத்தி.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஓவியக் கல்லூரியில் ஒன்றாகப் படித்து, புரசைவாக்கத்தில் ஒரே அறையில் நான்கு வருஷம் பாய் விரித்துப் படுத்தவர்கள் இருவரும்; மாசிலாமணிக்குக் கல்யாணமான பிறகும் உமாபதி வாரம் ஒருநாள் அவன் வீட்டுக்குப் போய்விடுவார். அன்றைக்குப் போனபோது மாசிலாமணி சன்னலோரம் பலகை போட்டு உட்கார்ந்து, சவரபிளேடால் ஒரு செம்பருத்தியைக் காம்பிலிருந்து நுனிவரை இரண்டாகக் கீறிக்கொண்டிருந்தான். எட்டாம் வகுப்பு அறிவியலுக்கு நெடுக்குவெட்டுத் தோற்றம் வேண்டுமாம். பென்சிலால் ஒரு குறிகூடப் போட்டுக்கொள்ளவில்லை. நிப்பை மையில் தொட்டான், பூவை ஒரு தடவை பார்த்தான், பிறகு பூவைப் பார்க்கவே இல்லை. கோடு காம்பில் தொடங்கி, சூலகத்தைச் சுற்றி, அல்லியின் விளிம்பில் ஏறி, அந்த மடிப்பில் ஒரு மூச்சு அளவுக்குத் தடித்து, மறுபடி மெலிந்து, போன வழியே திரும்பி வந்து தொடங்கிய இடத்தில் சேர்ந்தது. சேர்ந்த இடம் தெரியவில்லை. உமாபதி அந்தக் கோட்டைப் பார்த்தபடி நின்றார். அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படி ஒரு கோட்டை அவர் பார்த்ததில்லை. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, எந்தக் கட்டுரையிலும் எழுதியதில்லை. தானும் ஒன்று போட்டுப் பார்க்கிறேன் என்று கேட்டார். மாசிலாமணி நகர்ந்து இடம் விட்டான். உமாபதியின் கோடு அல்லியின் விளிம்பில் தயங்கியது, தயங்கிய இடத்தில் மை கசிந்து ஒரு குண்டு விழுந்தது. மாசிலாமணி சிரித்தான். கெட்ட சிரிப்பில்லை. "நீ யோசிக்கிறடா உமா. அதுக்குள்ள பூ வாடிடும்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். பிறகு அவன் மனைவி தனபாக்கியம் உள்ளிருந்து இட்லி கொண்டுவந்து வைத்தாள், இருவரும் சாப்பிட்டார்கள், ஏதோ பேசினார்கள், பேருந்து ஏறி அவர் வீட்டுக்கு வந்தார். பதினோராவது நாள் கட்டுரை முடிந்திருந்தது.

அந்தப் பதினோரு நாளிலிருந்துதான் எல்லாம் வந்தது. அதை நினைக்கும்போது படியில்லாத இடத்தில் கால் வைத்ததுபோல இருக்கிறது. கையை நம்பாதே. தெரிந்த கை அடிமைக் கை. பார்த்ததை வரைவது குமாஸ்தா வேலை. கலைஞன் தன் காலத்தின் சந்தேகம். அவன் பதில் சொல்லத் தொடங்கிய அன்றைக்குச் செத்துப் போகிறான். இந்த வாக்கியங்களைத்தான் கல்லூரிகளில் எடுத்துக் கையாண்டார்கள், கருத்தரங்குகளில் எதிர்த்தார்கள், ஆதரித்தார்கள், இரண்டு பேர் இவற்றை வைத்து முனைவர் பட்டம் வாங்கினார்கள். ஏழு வருஷம் அவர் இடது கையால் மட்டுமே வரைந்தார். கற்றதைத் துறந்த கை என்று அதைப் பற்றி ஒரு விமர்சகர் எழுதினார், துறவு என்ற சொல் உமாபதிக்குப் பிடித்திருந்தது, அதற்குப் பிறகு தானும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தத் தொடங்கினார். இடது கையால் போட்ட கோடு நடுங்கும், அந்த நடுக்கத்தைச் சத்தியம் என்றார்கள். இப்போது அவருடைய கட்டுரைகள் எல்லாம் ஒரே தொகுப்பாக வரப்போகின்றன, அச்சுக்குப் போக இன்னும் இரண்டு வாரம், முன்னுரை எழுதியவர் 'அறிந்த கை'யைத்தான் மூலவித்து என்று சொல்லியிருக்கிறார். வித்துதான். சன்னலோரம் ஒருவன் சிரித்த சிரிப்பிலிருந்து தப்புவதற்காக ஒருவன் கட்டிய சுவர், அதன் மேல் இன்னொரு வரிசைக் கல், அதன் மேல் இன்னொன்று, கடைசியில் பார்க்கிறவர்கள் அதைக் கோயில் என்கிறார்கள். இல்லை, இதுவும் மிகை. அந்த வாக்கியங்களில் உண்மை இல்லவே இல்லையா. கை பழகிப்போனால் கண் தூங்கிவிடும் என்பது உண்மைதானே. உண்மைதான். ஆனால் மாசிலாமணியின் கண் தூங்கவில்லை, அதுவும் தெரிந்தேதான் எழுதினார். ஓர் உண்மையை எடுத்து அது பொருந்தாத ஒருவன் மேல் எறிந்தால் அது உண்மையாகவே இருக்குமா, கல்லாகிவிடுமா. பரந்தாமன் முடித்துவிட்டு இறங்கினார். அடுத்ததாக மாசிலாமணியின் மைத்துனர் மைக்கைப் பிடித்தார். மைக் கீச்சிட்டது. உமாபதியின் தோள் அதிர்ந்தது.

கட்டுரை வந்த பிறகு அவர் அந்த வீட்டுக்குப் போகவில்லை. மாசிலாமணியும் வரவில்லை, சண்டைக்கும் வரவில்லை, ஒரு அஞ்சலட்டைகூட எழுதவில்லை. படிக்கவில்லையோ என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொள்ள முயன்றார். பிறகு ஏழு வருஷம் கழித்து, இடது கை ஓவியங்களின் கண்காட்சியில், கூட்டத்துக்கு நடுவில் வெள்ளை அரைக்கைச் சட்டையும் பையில் செருகிய பேனாவுமாக மாசிலாமணி நின்றுகொண்டிருந்தான். ஒரு படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றான். உமாபதி தூரத்திலிருந்து அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முதுகு என்ன சொல்கிறது என்று கண்டுபிடிக்க முயன்றதில், பக்கத்தில் யார் என்ன பேசினார்கள் என்றே காதில் விழவில்லை. மாசிலாமணி திரும்பி நேராக அவரிடம் வந்து, நல்லா இருக்கு உமா என்றான். பிறகு அவர் இடது கையைப் பார்த்து, கை வலிக்கலையா என்று கேட்டான். அது கேலியா. முப்பது வருஷமாக அந்தக் கேள்வியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாகிவிட்டது. கேலியாக இருந்தால் நன்றாக இருக்கும், சமன் ஆகிவிடும். ஆனால் அவன் கேட்ட விதத்தில், தச்சனிடம் இன்னொரு தச்சன் கேட்பதுபோலத்தான் இருந்தது. வேலையைப் பற்றிய விசாரிப்பு. யாரோ ஒரு விமர்சகர் கூப்பிட்டார், அல்லது கூப்பிட்டதுபோல இருந்தது, உமாபதி அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். திரும்பி வந்து பார்த்தபோது மாசிலாமணி போயிருந்தான். பதினாறு நாளைக்கு முன்னால், காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே கிணற்றடியில் சாய்ந்துவிட்டானாம். அந்த அறிவியல் புத்தகத்தில் போட்ட அதே இதயம். நீலம் உள்ளே போனது, சிவப்பு வெளியே வரவில்லை. சே, இது என்ன உவமை, இப்போது கூடவா. சாவு வீட்டில் உட்கார்ந்துகூட வாக்கியம் செய்கிறோமே என்று அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக வந்தது.

சொல்லிவிட வேண்டும். மைத்துனர் பேசப் பேச அது தீர்மானமாகிக்கொண்டு வந்தது. தாளைப் பிரிக்கவே வேண்டாம். மைக்கின் முன்னால் போய், இந்தக் கட்டுரை பாராட்டு இல்லை, என்னால் முடியாததைச் செய்தவனை நான் இழிவாக எழுதியது, பொறாமையில் எழுதியது என்று சொல்லிவிட வேண்டும். கலைஞனுக்கு உண்மையைத் தவிர வேறு உறவில்லை என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் இந்த ஒரு இடத்திலாவது அதைச் செய்ய வேண்டும். மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். நண்பர்களே, இன்று நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன். குற்றம் என்ற சொல் பெரிதாக இருந்தது, பிழை என்று மாற்றினார். பிழை நழுவலாக இருந்தது. மறுபடி குற்றம். ஒப்புக்கொள்ள என்பதைவிட இறக்கிவைக்க நன்றாக இருக்குமா. இறக்கிவைக்க வந்திருக்கிறேன், ஆமாம், அதில் ஒரு பாரம் தெரிகிறது. அந்த இடத்தில் அவர் நின்றுவிட்டார். ஓசை பார்த்துச் சொல் மாற்றிக்கொண்டிருக்கிறார். மன்னிப்புக்கு மெருகு போட்டுக்கொண்டிருக்கிறார். நாளைக்கு இதையே யாராவது எழுதினால், தன் தவறை மேடையில் உடைத்துச் சொன்ன மகத்தான ஓவியர் என்றல்லவா எழுதுவார்கள், செத்தவனுடைய நாளில் அதையும் தானே எடுத்துக்கொண்டு போவதா. சொல்லாவிட்டால் கோழை. சொன்னால் திருடன். பூங்கோதை எதற்காகக் கூப்பிட்டாள் என்று மட்டும் தெரிந்துவிட்டால் போதும், அதற்கேற்றபடி ஏதாவது செய்யலாம். தனபாக்கியம் எங்கே. அவர் இதுவரை அவளைத் தேடிப் பார்க்கவே இல்லை. படியோரம், பெண்கள் உட்கார்ந்திருந்த பாயில், நரைத்த தலையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாளோ. அவர் கையைக் கூப்பினார். அவளும் கூப்பினாள். மூன்றாவதாகப் பேச வேண்டியவர் வரவில்லையாம். மைத்துனர் அதைச் சொல்லிவிட்டு, அடுத்ததாக, நாடறிந்த ஓவியர், அத்தானின் ஆருயிர் நண்பர் என்றார்.

நடந்து போனது நினைவில்லை. மைக் வாய்க்கு நேராக இருந்தது. கீழே தெருவில் காய்கறி வண்டிக்காரன் கத்திக்கொண்டு போனான், அவன் போகட்டும் என்று காத்திருப்பதுபோல நின்றார். நண்பர்களே என்றார். முதல் வரிசைக்கு முன்னால் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, பூங்கோதை கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள், படம் எடுக்கிறாள். அவள் முகத்தில் இருந்தது பழி அல்ல. பள்ளிக்கூட மேடையில் தன் பிள்ளை பேசப்போகும்போது தாய் முகத்தில் இருக்குமே, அது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு குற்றம் என்ற சொல்லைச் சொல்ல முடியவில்லை. கை தானாகத் தாளைப் பிரித்தது. மாணவர்களே, இந்தக் கையை வணங்குங்கள் என்று படித்தார். அவளுடைய உதடுகளும் அசைந்தன. மனப்பாடமாகத் தெரியும் அவளுக்கு. அவர் தொடர்ந்து படித்தார். இதற்குத் தெரியாதது ஒன்றுமில்லை, செம்பருத்தியின் சூலகத்துக்குள் எத்தனை அறைகள் என்று இதற்குத் தெரியும், தவளையின் இரைப்பை எந்தப் பக்கம் வளைகிறதென்று தெரியும். அவர் அறிந்த கேலியின் ராகம் ஒன்று உண்டு, நண்பர்கள் கூடிய அறைகளில் இதை வாசித்து அவர் சிரிக்க வைத்த ராகம். அது இப்போது தொண்டைக்கு வரவில்லை. அவள் உதடு எந்தத் தாளத்தில் அசைந்ததோ அந்தத் தாளத்தில்தான் அவருக்கும் படிக்க வந்தது. நாங்கள் ஓர் எலுமிச்சம்பழத்தின் முன்னால் மூன்று மாதமாக உட்கார்ந்திருக்கிறோம், அது உருண்டைதானா என்பதே எங்களுக்கு இன்னும் உறுதியாகவில்லை. இந்தக் கையோ காலையில் ஒரு பூவைத் திறந்து மதியச் சாப்பாட்டுக்குள் மூடிவிடுகிறது. லட்சம் குழந்தைகள் இதன் வழியாகத்தான் பூவைப் பார்க்கிறார்கள். தோட்டத்துப் பூவே இதைப் பார்த்தால் தன்னைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளும். கூட்டம் அசையாமல் கேட்டது. பரந்தாமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உமாபதிக்குக் காதுகள் சுட்டன. ஒரு சொல்லும் மாறவில்லை, ஒவ்வொன்றும் அவர் எழுதிய அதே சொல், ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சன்னலோரம் நின்று அவர் உணர்ந்து, யாரிடமும் சொல்லாமல் விழுங்கியது முழுக்க இதில் இருந்தது. சிரிப்பதற்காக எழுதிய வரிகளில் அது எப்படி வந்து உட்கார்ந்தது. பக்கத்தின் அடிப்பகுதி நெருங்கியது. கடைசிப் பத்தி வருகிறது. குரல் மெலிந்தது. இப்படி ஒரு கை வாய்த்தவனை என்னவென்று அழைப்பது? நான் வெகுநாள் யோசித்தேன். கடைசியில் எனக்குக் கிடைத்த விடை இதுதான்: இவன் ஓவியன். அதோடு தாள் முடிந்துவிட்டது. திருப்பினார். பின்பக்கம் வெள்ளை. இன்னொரு தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று விரலால் தேய்த்துப் பார்த்தார். இல்லை. பத்திரிகையில் அடுத்த பக்கத்தின் முதல் சொல் 'அல்ல'. இவன் ஓவியன் அல்ல, நகலெடுக்கும் கருவி. கருவிக்குச் சம்பளம் உண்டு, பெயர் கிடையாது. அது அவர் நாக்கு நுனியில் வந்து நின்றது. பூங்கோதையின் உதடுகள் மூடிவிட்டன. அவளுக்குக் கட்டுரை அங்கேயே முடிகிறது. கூட்டத்தில் யாரோ கை தட்டத் தொடங்கி, பதினாறாம் நாளில் தட்டலாமா என்று தயங்கி, நிறுத்தினார்கள். மைத்துனர் அவர் முழங்கையைத் தொட்டுப் படத்தின் பக்கம் திருப்பினார். உமாபதி துணியை விலக்கினார். ஏதோ அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள், காதோரம் புள்ளி புள்ளியாகக் கலைந்திருந்தது.

சாப்பாடு கீழே, கூடத்தில். அவரை நாற்காலி போட்டுத் தனியாக உட்கார வைத்தார்கள். சாதம் பிசைந்தார், வாய்க்குப் போகவில்லை. தனபாக்கியம் ரசப் பாத்திரத்தோடு வந்து நின்றாள். "என்னண்ணே, திருப்பித் திருப்பிப் பாத்தீங்க. ரெண்டாம் பக்கத்தத் தேடினீங்களா?" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள், இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா என்பதுபோல. அவர் தலையைத் தூக்கவில்லை. அவளே சொன்னாள். பொண்ணு பத்தாவது படிக்கும்போது, அப்பாகிட்ட, உன்னப் பத்தி எங்கயாவது எழுதியிருக்காங்களா, எந்தப் புத்தகத்துலயும் ஏன் உன் பேரே போடலன்னு கேட்டுட்டே இருந்தாளாம். ஒருநாள் அவர் பழைய பத்திரிகையைத் தேடி எடுத்துக் கடைக்குப் போய் இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்து வந்தாராம். முதல் பக்கத்தை மகளிடம் கொடுத்தாராம். "ரெண்டாவத அவரு வச்சிகிட்டாரு. பீரோவுல, சட்டைங்களுக்கு அடியில." நீங்கள் எழுதினது வந்த புதிதில் அவர் ஒன்றும் சொல்லவில்லை, உமா நல்லா எழுதறான் என்று மட்டும் சொன்னார் என்றாள். பிறகு ஒரு வாரம் சாப்பிட உட்கார்ந்தால் தட்டைத் தொடாமல் வலது கையையே பார்த்துக்கொண்டிருப்பாராம், யாருடைய கையோ இது என்பதுபோல. உமாபதியின் விரல்கள் சோற்றில் அப்படியே நின்றன. "தனம், நான் அன்னைக்கு" என்றார். "வேணாம்ணே" என்றாள். அதில் கோபம் இல்லை, இளக்கமும் இல்லை. "அந்தத் தாள, அவர எடுத்துட்டுப் போன அன்னைக்கு, அவரு சட்டைப் பையில வச்சி நான்தான் கூடவே அனுப்பினேன். இங்க இருந்தா இவ கையில கிடைக்கும். இனிமே அது எங்க வீட்ல இல்ல. உங்ககிட்ட இருந்தா நீங்க பாத்துக்குங்க."

பூங்கோதை கை துடைத்துக்கொண்டே வந்தாள். வாசிச்சது ரொம்ப நல்லா இருந்துச்சு ஐயா, நான் மனசுல படிக்கிற மாதிரியே படிச்சீங்க என்றாள். அவருடைய போன் எண்ணைக் கேட்டு வாங்கும்போது பதிப்பகத்தில் சொன்னார்களாம், எல்லாக் கட்டுரையும் சேர்ந்து பெரிய புத்தகமாக வருகிறதாமே, இதுவும் அதில் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறதும்மா என்றார். அவள் முகம் மலர்ந்தது. "முழுசா போடச் சொல்லுங்க ஐயா. ஒரு வரிகூட விடாம." தனபாக்கியம் பாத்திரத்தைக் கீழே வைக்கவும் இல்லை, நகரவும் இல்லை. எழுதியதை யாருக்காகவும் திருத்தக் கூடாது, அப்பனுக்காகவும் ஆண்டவனுக்காகவும் கூடாது என்பது அந்தத் தொகுப்பின் பின்னட்டையில் போடுவதற்காக அவரே தேர்ந்துகொடுத்த வாக்கியம். சட்டைப் பையிலிருந்த தாளை இடது கையால் எடுத்துப் பூங்கோதையிடம் நீட்டினார். "உன் கையில இருக்கிறதுதாம்மா முழுசு. அப்படியேதான் வரும்" என்றார். அவள் வாங்கி, மடிப்பை நீவி, உள்ளே எடுத்துப் போனாள். சொல்லி முடித்த கணத்திலேயே அது தோன்றிவிட்டது, அந்தக் கடைசிப் பத்தி அச்சில் இல்லாமல் போனால் நல்ல பெயர் மாசிலாமணிக்கு மட்டும் இல்லை, தனக்கும்தான்; இனி அதைப் படித்தவர் எவரும், அந்தக் காலத்திலேயே ஒரு பெயரில்லாத கையை அறிந்து வணங்கியவர் என்றுதான் சொல்வார்கள். யாருக்காகச் சொன்னோம். நிமிர்ந்து தனபாக்கியத்தைப் பார்த்தார். அவளுக்கும் அது தெரிந்திருப்பதுபோலத்தான் இருந்தது. அவள் குனிந்து, ஆறிப்போயிருந்த சோற்றின் மேல் ஒரு கரண்டி ரசத்தை ஊற்றிவிட்டு, அடுத்த வரிசைக்குப் போனாள்.